என் மௌனத்தில் யாருக்கு நிம்மதி?

நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. சந்தனம் பூசி வளையல் போட ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என் முறை வருவதற்குள் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. கல்யாணமாகி 11 வருடங்களில், எப்போது விலக வேண்டும் என்பது கால்களுக்கே பழகிவிட்டது.

மண்டபத்தின் பின்பக்கம், அண்டா கழுவும் இடத்தில் நின்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போட்டேன்: "வளைகாப்புல இருக்கேன்." உடனே பதில் வந்தது: "சாப்டியா?" இன்னொருத்தி கேட்டாள்: "போன மாசம் நான் பாத்ரூம்ல நின்னேன். நீ எங்க நிக்கறே?" சிரித்துவிட்டேன்.

நாங்கள் 6 பேர். ஒரு கருத்தரிப்பு மையத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்தபோது பழக்கமானவர்கள். இருவர் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி குழந்தையே வேண்டாமென்று முடிவெடுத்துவிட்டாள். குழுவில் ஒரே விதிதான். யாரும் யாருக்கும் மருந்தோ கோயிலோ சொல்லக்கூடாது. 'சீக்கிரம் நல்லது நடக்கும்' என்றும் சொல்லக்கூடாது. ஆறுதல் என்றாலே அறிவுரை என்று வளர்ந்த எங்களுக்கு, சும்மா கேட்டுக்கொண்டிருப்பது புதிதாகக் கற்க வேண்டிய வேலையாக இருந்தது.

வளைகாப்புக்கு 4 மாதம் முன்பு, ஒரு நள்ளிரவில், அங்கேதான் முதன்முதலாகச் சொன்னேன்: காரணம் நானில்லை. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தபோது வலியில் துடித்தது நான். ஊசிகளும் ஸ்கேன்களும் எனக்கு. விந்துப் பரிசோதனை இவற்றைவிட எளிது, செலவும் குறைவு. அதற்குக் கணவர் சம்மதிக்க 3 வருடம் ஆனது. விந்தணுக்கள் இல்லை என்று முடிவு வந்தது. "வீட்ல சொல்லாத" என்றார். சொல்லவில்லை.

கருத்தரிக்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது என்கிறது மருத்துவம். ஆனாலும் 'மலடி' என்ற சொல்தான் தெருவில் நடமாடுகிறது. 'மலடன்' அகராதியோடு நின்றுவிட்டான்.

குழுவில் யாரும் அவரைத் திட்டவில்லை. போட்டு உடைத்துவிடு என்றும் சொல்லவில்லை. ஆசிரியையாக இருக்கும் அக்கா மட்டும் கேட்டார்: "நீ பேசாம இருக்கறதுல யாருக்கு நிம்மதி?"

அந்தக் கேள்வியோடுதான் வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்தேன். கணவரிடம் சொன்னேன்: "உங்க ரிப்போர்ட்டை நான் யார்கிட்டயும் காட்ட மாட்டேன். ஆனா என்னைப் பேசும்போது இனிமே நீங்க சும்மா உக்காந்திருக்கக் கூடாது."

அடுத்த வாரம் மாமியார் ஏதோ பரிகாரம் பற்றி ஆரம்பித்தார். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, பிரச்சினை எங்கிட்டதான்" என்றார். மாமியார் அடுக்களைக்குள் போய்விட்டார். அதன்பின் பரிகாரப் பேச்சு இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை வருத்தமும் சொல்லவில்லை.

சொந்தக்காரர்களின் பேச்சு இன்னும் மாறவில்லை. அடுத்த வளைகாப்பு தையில். இந்த முறை கூப்பிடும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பது என்று குழுவில் சொல்லியிருக்கிறேன்.