ஏலகிரி மலைப்பாதை: பழைய பிக்கப்புக்குப் பெரிய இன்ஜின் போதுமா?

ஜோலார்பேட்டை அருகே பொன்னேரியில் தொடங்குகிறது ஏலகிரி மலைப்பாதை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். கடையெழு வள்ளல்கள், தமிழ்ப் புலவர்கள் என வளைவுக்கு ஒரு பெயர். முன்னால் பழைய பிக்கப் ஒன்று பாரத்தோடு திணறினால், அத்தனை பலகைகளையும் நிதானமாகப் படித்துவிடலாம்!

இப்படிப்பட்ட வண்டிக்குப் பெரிய இன்ஜினும் கியர்பாக்ஸும் மாட்டினால் என்ன? 1988-ல் வந்த டாடா மொபைல் பிக்கப்பில் இருந்தது 1,948 சி.சி. டீசல் இன்ஜின். பின்னாளில் வந்த 207 டிஐ-யில் 2,956 சி.சி. ஆசை வருவது இயல்புதான்.

ஆனால், இன்ஜின் பலம் மலை ஏறுவதற்குத்தான். இறங்கும்போது காப்பாற்றுவது பிரேக்கும் கியரும். இன்ஜின் கனமானால் முன்பக்க ஸ்பிரிங், ரேடியேட்டர், கிளட்ச், பிரேக் எல்லாமே அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். இன்ஜினை மட்டும் மாற்றுவது ஆபத்து.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை விதிக்கிறது. மீறினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கப்படலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரும்.

செலவு செய்வதென்றால் முதலில் கிளட்ச், பிரேக், டயர், கூலன்ட்டைக் கவனியுங்கள். பாரத்தைக் குறையுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்; நியூட்ரல் வேண்டவே வேண்டாம். வளைவில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். பத்து நிமிடம் தாமதமானாலும், புங்கனூர் ஏரியில் படகு சவாரி உங்களுக்காகக் காத்திருக்கும்.