குரல் யாருடையது?

ஹிப்-ஹாப் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது. அதில் பேச்சுதான் ராஜா. தாளம் பேச்சுக்கு வழிவிட்டு, கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடக்கும். ஹவுஸ் சிகாகோ சமாசாரம். 1977-ல் அங்கே திறந்த 'வேர்ஹவுஸ்' கிளப்பிலிருந்து வந்த பெயர் என்பார்கள். நிமிஷத்துக்குச் சுமார் 120 முறை, உலக்கை போட்ட மாதிரி டும் டும் டும் டும்.

இரண்டையும் கலந்து 1990-ல் ஒரு ஆல்பம் வந்தது: 'கோனா மேக் யூ ஸ்வெட்'. ராபர்ட் கிளிவில்லஸ், டேவிட் கோல் இருவரும் சேர்ந்த 'சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி'யின் தயாரிப்பு. தலைப்புப் பாட்டில் ஃப்ரீடம் வில்லியம்ஸ் கனத்த குரலில் ராப் சொல்வார். நடுநடுவே ஒரு பெண்குரல், மூன்றே வார்த்தையில், எல்லாரும் எழுந்து ஆடுங்கள் என்று அதட்டும். எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது அந்த அதட்டல்தான்.

வீடியோவில் அதற்கு உதடு அசைத்தவர் ஸெல்மா டேவிஸ். ஒல்லி, அழகு. அவரும் பாடகிதான், அதே ஆல்பத்தில் வேறு பாட்டுகள் பாடியிருக்கிறார். ஆனால் இந்தக் குரல் மார்த்தா வாஷுடையது. பெயரும் போடவில்லை, முகமும் காட்டவில்லை. தன் பருமன் டி.வி.க்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள் என்பது வாஷின் கட்சி.

இரவல் குரல் நமக்கு என்ன புதுசா? ஹீரோயின் வாயசைப்பார், பி.சுசீலா பாடுவார். ஆனால் டைட்டிலில் பெயர் வரும். ரேடியோவில் அறிவிப்பாளர் சொல்வார். அதுகூட ஆரம்பத்திலிருந்தே கிடைத்த மரியாதை இல்லை. 1949-ல் வந்த 'மஹல்' இந்திப் படத்தின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கர் பெயருக்குப் பதில் 'காமினி' என்று கதாபாத்திரத்தின் பெயரை அச்சடித்திருந்தார்கள்!

வாஷ் கோர்ட்டுக்குப் போனார். விவகாரம் சமரசத்தில் முடிந்தது. பாடியது வாஷ், தோன்றியது டேவிஸ் என்று வீடியோவில் குறிப்புப் போடும்படி எம்டிவியை சோனி கம்பெனியே கேட்டுக்கொண்டது. அவருக்குப் பணம் வந்ததைவிட இது முக்கியம் என்று எனக்குப் படுகிறது. பணம் செலவாகிவிடும். பெயர் நிற்கும்.

1994-ல் அதே குழு புதிதாக ஒரு பாட்டு வெளியிட்டது. பாடியவர்கள் வரிசையில் ஸெல்மா டேவிஸ், மார்த்தா வாஷ், இரண்டு பெயரும் இருந்தன.