முன்பாரம்

மட்டக்களப்பின் படுவான்கரையில் 'பெட்டி' என்றால் உழவு மெசினுக்குப் பின்னால் கொழுவுகிற பெட்டிதான். யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நெல்லு மூட்டை வருவதும் அதில், கல்யாண வீட்டுக்குச் சனம் போவதும் அதில். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேருக்கு வட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து பெட்டி பெட்டியாகச் சனம் வந்திறங்கும். நான் சிறுவனாக இருந்தபோது அவை மாட்டு வண்டில்கள். கம்பு வளைத்துப் படங்கு போட்டு, அடியில் வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்துப் புறப்பட்டால், தேர் முடிந்து திரும்பும் மட்டும் வண்டில்தான் வீடு. கோயிலடி மரத்தின் கீழ் மாட்டை அவிழ்த்து, ஏர்க்காலுக்கு முண்டு கொடுத்துவிட்டால் அம்மா அடுப்பு மூட்டத் தொடங்கிவிடுவா.

அதனால்தான் ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையின் மகன், "மாமா, ஒரு கரவன் வாங்கிட்டன்" என்று படம் அனுப்பியபோது எனக்குப் பெரிய அதிசயமாகத் தெரியவில்லை. வெள்ளைப் பெட்டி, இரண்டு சக்கரம், உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி. மாட்டுக்குப் பதில் ஏழு பேர் இருக்கக்கூடிய ஜீப். அங்கே அந்த வாகனத்துக்கு வேறு பெயர் சொல்கிறார்கள். நமக்கு உயரமான கார் எல்லாமே ஜீப்தான்.

போன வருடம் நான் அங்கே போனபோது அல்கொன்குவின் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். புறப்படுமுன் கணக்குச் சொன்னான்: ஜீப் 2,270 கிலோ இழுக்கும், சாமான் ஏற்றிய பெட்டி 1,600 கிலோதான், யோசிக்க ஒன்றுமில்லை. நானும் யோசிக்கவில்லை. நகரத்துக்குள் பெட்டி பின்னால் இருப்பதே தெரியாமல் வந்தது. 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வேகம் கூடி, ஒரு நீளமான லொறி எங்களை முந்திப்போனதும் அதன் காற்று பெட்டியை முதலில் வெளியே தள்ளியது, பிறகு உள்ளே இழுத்தது. லொறி போய்விட்டது, பெட்டி ஆடுவது நிற்கவில்லை. நாய் வாலை ஆட்டுவதுபோல இடமும் வலமும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜீப்பின் பின்பக்கமும் சேர்ந்து கிறுகியது. மருமகன் நல்ல வேளையாகப் பிறேக்கை மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் பெட்டி ஜீப்பைத் தள்ளிக்கொண்டு மடங்கியிருக்கும். அக்ஸிலேற்றரை மெல்ல விட்டு, கைக்கெட்டிய ஒரு சின்ன விசையால் பெட்டிக்கு மட்டும் பிறேக் கொடுத்தான். ஆட்டம் அடங்கியது. கொஞ்சத் தூரம் ஒருவரும் பேசவில்லை.

ஓய்வெடுக்கும் இடத்தில் நிறுத்தியதும் பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். கடைசிப் பின்பக்கத்தில் இரண்டு சைக்கிள். அதற்கு உள்ளே இருபது லீற்றர் தண்ணீர்க் கான் நான்கு. அதோடு ஜெனரேற்றர், விறகு. முன்பக்கம் தலையணைகளும் ரொட்டிப் பாக்கெட்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்துக் கொழுவியைக் கழற்றச் சொன்னேன். இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். தூக்க வந்தது.

"வரக்கூடாது மகன்" என்றேன்.

அப்பா வண்டில் ஏற்றி முடித்ததும் செய்கிற கடைசி வேலை அது. மாட்டைப் பூட்டுமுன் நுகத்தின் நடுவைப் பிடித்து இடுப்பு மட்டத்துக்கு உயர்த்துவார். கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு ஒரு கணம் நிற்பார். பாரம் கையில் இறங்குகிற விதத்தைப் பார்த்து, "முன்பாரம் காணாது, ரெண்டு மூட்டையை இஞ்சால தள்ளு" என்பார். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரமானால் இன்னும் மோசம். நுகம் மேலே எழும்பும், பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும், மாடு மூச்சுத் திணறி வழியில் நிற்கும். போகிற வழியிலும் அந்தக் கணக்கு முடியாது. ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சரிவதால் அப்பா ஏர்க்கால் பக்கமாக நகர்ந்து குந்துவார். தாம்போதியில் இறங்கும்போது பின்னுக்கு வந்துவிடுவார். ஆள் இருந்த இடமே தராசுப் படி. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் மூட்டை எல்லாம் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டிவரும். அவசரத்தில் ஏற்றுகிற பாரம் எப்போதும் பின்னுக்குத்தான் போய்ச்சேரும், கிட்ட இருக்கிற இடம் அதுதானே. அங்காலே போய் நிறுத்தி, அப்பா திரும்ப அடுக்குவார்.

அதையே அந்த நாட்டில் நூற்றுவீதக் கணக்காக வைத்திருக்கிறார்கள். பெட்டியின் முழு நிறையில் 10 முதல் 15 சதவீதம் கொழுவியில் இறங்க வேண்டுமாம். 1,600 கிலோவுக்கு 160 முதல் 240 கிலோ. அறுபது வயதைத் தாண்டிய நான் தூக்கக்கூடிய பாரமா அது? ஆங்கிலத்தில் இதற்கு 'நாக்குப் பாரம்' என்று பெயர். பிரித்தானியாவில் 'மூக்குப் பாரம்' என்பார்களாம். ஒரே சாமானுக்கு இவர்கள் முகம் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். இன்னொரு சங்கதியும் உண்டு, வாங்குகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. கொழுவியில் இறங்கும் அந்த 200 கிலோ ஜீப் சுமக்கிற கணக்கிலும் சேரும். ஐந்து பேரும் பயணப் பைகளும் ஏறியிருந்தால், இழுக்க வலு மிச்சம் இருக்கும், சுமக்க இடம் முடிந்திருக்கும். பின்வில் அமுங்கி, முன்சக்கரம் இலேசாகி, ஸ்ரியறிங் கையில் மிதக்கும்.

தண்ணீர்க் கான்களை முன்னுக்குக் கொண்டுவந்தோம். ஜெனரேற்றர் சக்கரத்துக்கு மேலே. சைக்கிள்களை ஜீப்பின் கூரையில் கட்டினோம். பிறகும் லொறிகள் முந்தின. பெட்டி ஒருதரம் தோளைக் குலுக்கிவிட்டுப் பேசாமல் வந்தது. எண்ணெய் மட்டும் ஜீப் ஏறக்குறைய இரட்டிப்பாகக் குடித்தது. அதற்கு முன்பாரம் என்ன செய்யும், காற்றைத் தள்ளிக்கொண்டல்லவா போகிறது.

வீடு திரும்பியதும் மருமகன் குளியலறைத் தராசை எடுத்துவந்தான். அந்தத் தராசு 150 கிலோவுக்கு மேல் தாங்காது. ஆகவே மூன்றடிப் பலகையின் ஒரு நுனியைச் செங்கல்லில் வைத்து, மறு நுனியைத் தராசில் வைத்து, செங்கல்லிலிருந்து ஓரடியில் கொழுவியை இறக்கினான். தராசு காட்டுவது மூன்றிலொரு பங்கு. 62 என்று காட்டியது. மூன்றால் பெருக்கி, 186 என்று கொப்பியில் எழுதிவைத்தான். அப்பாவிடம் கொப்பி இருக்கவில்லை.

இந்த ஆடியில் அவன் ஊருக்கு வந்தான். வாவி 56 கிலோமீற்றர் நீளத்துக்கு எழுவான்கரைக்கும் எங்களுக்கும் நடுவில் கிடக்கிறது. முன்பெல்லாம் பல பயணங்கள் ஒரு துறையில் போய்த்தான் நிற்கும். 2014இல் மண்முனையில் பாலம் திறந்த பிறகு அந்தத் துறை ஓய்ந்துவிட்டது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவில் இன்னும் பாதை ஓடுகிறது. பாதை என்றால் தெருவல்ல, வாகனத்தை ஏற்றிக் கடத்துகிற மிதவை. வெளியூர்க்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சிரமம்: எங்கள் பாதை தண்ணீரில் மிதக்கும்.

குருமண்வெளிப் பக்கமிருந்து மண்டூர் முருகனிடம் போக, இரண்டு சக்கர உழவு மெசினான லேண்ட்மாஸ்டரில் பெட்டி கொழுவினோம். பின்னால் பெண்களும் பிள்ளைகளும், பொங்கல் பானையும் விறகும். மருமகன் தானே ஓட்டுவதாகச் சொல்லி முன்பலகையில் குந்தினான். ரொறன்ரோவில் பெட்டி இழுத்தவன் என்ற தெம்பு. தரையில் நன்றாகவே போனான். லேண்ட்மாஸ்டரில் இடக்கைப் பிடியை அழுத்தினால் இடச் சக்கரம் இழுவையை விடும், மெசின் இடப்பக்கம் கிறுகும். இதை ஐந்து நிமிடத்தில் பழகலாம். துறையின் இறக்கம் வந்ததும் நான் குனிந்து அவன் காதில் சொன்னேன், "இனிக் கை மாறும்."

அவனுக்கு விளங்கவில்லை. இறக்கத்தில் மெசின் பெட்டியை இழுப்பதில்லை, பெட்டிதான் மெசினைத் தள்ளும். அப்போது இடப்பிடியை அழுத்தினால், அவிழ்ந்த இடச் சக்கரம் தடையில்லாமல் ஓடும். வலச் சக்கரத்தை எஞ்சின் பிடித்துவைக்கும். மெசின் வலப்பக்கம் போகும். இந்தப் பக்கத்தில் லேண்ட்மாஸ்டர் ஓட்டுகிற எவனும் முதல்தரம் ஒரு வேலியிலோ வாய்க்காலிலோதான் அதைப் படித்திருப்பான்.

அவன் இடப்பிடியை அழுத்தினான். மெசின் தண்ணீர்ப் பக்கமாக மூக்கைத் திருப்பியது. பின்னால் பெண்கள் "முருகா" என்றார்கள். "மற்றதை, மற்றதைப் பிடி!" என்று நான் கத்த, அவன் காலால் பெட்டியின் பிறேக்கை மிதித்து, வலப்பிடியை அழுத்த, மெசின் திரும்பி நேரே வந்து பாதையின் பலகையில் ஏறி நின்றது. பொங்கல் பானை உருண்டு அவன் முதுகில் முட்டியது.

பாதைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. வாயில் வெற்றிலையோடு வந்து, பெட்டியின் இரண்டு சக்கரத்துக்கும் கட்டை வைத்தார். பிறகு பின்னால் இருந்த நாலு பேரைக் கையால் காட்டி, "அவங்களக் கொஞ்சம் முன்னுக்கு வரச் சொல்லுங்க" என்றார்.