வெள்ளையனின் கைப்பாஷை

வேட்டைக்கென்றே பெயர்போன ஜாதி ராஜபாளையம் நாய். 2005-ல் நம் தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அதில் ஒன்றாக இடம்பெற்ற பெருமையும் அதற்கு உண்டு. அந்த ரத்தம் மதுரையில் ஒரு சின்ன வீட்டுக்குள் சும்மா இருக்குமா? எட்டு மாதக் குட்டியான எங்கள் வெள்ளையன் செருப்பைக் கடிப்பான், கொடியில் காயும் புடவையை இழுப்பான், வருகிறவர்கள் மேல் தாவுவான். கூப்பிட்டால் மட்டும் திரும்பியே பார்க்க மாட்டான்.

"திமிர் பிடிச்ச நாய். ஊருக்கே திருப்பி அனுப்பிடுப்பா" என்றார் மாமியார் தன் மகனிடம்.

தூங்கும்போது பக்கத்திலேயே குக்கர் விசில் அடித்தும் அவன் காது அசையாததைக் கவனித்தேன். கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். இரண்டு காதும் கேட்கவில்லை! முழு வெள்ளை நாய்கள் சிலவற்றுக்கு உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாததால், பிறந்த சில வாரங்களிலேயே செவி போய்விடுமாம். ராஜபாளையத்தில் இது அபூர்வமில்லையாம்.

லாரி ஹாரன் கேட்காத நாயை வெளியே அனுப்பினால் எத்தனை நாள் பிழைக்கும்? "ஒரு மாசம் டைம் கொடுங்க" என்று வீட்டில் கேட்டு வாங்கினேன்.

குரலுக்குப் பதில் கை. உள்ளங்கையை மேலே உயர்த்தினால் 'உட்கார்'. முன்னால் நீட்டினால் 'நில்'. தொடையைத் தட்டிக் காட்டினால் 'வா'. செய்த மறு விநாடியே எலும்பில்லாத, உப்புக் காரம் போடாத அவித்த கோழித் துண்டு ஒன்று. தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று புரியாது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், நாளுக்கு மூன்று தடவை போதும். அவன் கவனத்தைத் திருப்ப, தரையைக் காலால் தட்டுவேன். அதிர்வு அவனுக்குத் தெரியும். இருட்டில் டார்ச்சை மினுக்குவேன்.

காலை ஆறு மணிக்கும், வெயில் தாழ்ந்தபின்பும் அரைமணி நடை. கிளம்புமுன் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி தாங்கவில்லையா, அதன் பாதமும் தாங்காது. திடலில் ஓட நீளக் கயிறு உண்டு; அவிழ்த்துவிடுவது மட்டும் கிடையாது. வளரும் எலும்பு என்பதால் ஒரு வயதுவரை உயரத்திலிருந்து குதிக்கவோ, சைக்கிள் பின்னால் ஓடவோ விடுவதில்லை.

மூளைக்கும் வேலை வேண்டுமே! பழைய துண்டில் சப்பாத்தித் துணுக்குகளைச் சுருட்டி வைத்தால், மோப்பம் பிடித்துப் பிரித்துத் தின்றுவிட்டு அப்பாடா என்று படுத்துவிடுகிறான். செருப்புகள் பிழைத்தன.

துறுதுறு நாயை அடக்கப் பிரம்பு வேண்டாம், சகோதரிகளே. காலுக்கு ஓட்டமும், மூக்குக்கு வேலையும், புரியும்படி ஒரு பாஷையும் கொடுத்தால் போதும்.

மாதம் முடிந்தபோது மாமியாரே உள்ளங்கையை உயர்த்த, வெள்ளையன் டக்கென்று உட்கார்ந்தான். அவர் முகத்தில் சிரிப்பு.

"காது கேக்காட்டி என்னடி, சொன்ன பேச்சைக் கேக்கறானே!"