அவளுக்குத் தெரியும்தானே

நந்திதா தாஸ் என்ற நடிகையை நான் முதன்முதலாகப் பார்த்தது 2002ஆம் ஆண்டு, புத்தளத்தில், ஓர் அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலுக்குள். பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர் வாடகைக்கு எடுத்து வந்த சீடியில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஓடிக்கொண்டிருந்தது. கதை மாங்குளத்தில் தொடங்குகிறது என்று தெரிந்ததும் பாயில் சாய்ந்திருந்த உம்மா எழுந்து உட்கார்ந்தார். "மாங்குளமா? எங்கட மாங்குளமா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருசமாக அந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்கள் செய்தியில்தான் எங்களிடம் வந்தன. அதுவும் செத்தவர்களின் எண்ணிக்கையோடு வந்தன. ஒரு கலியாணத்தோடு வந்தது அன்றைக்குத்தான்.

எங்கள் ஊர் மாங்குளம் அல்ல; அதற்கு வடக்கே பரந்தன். வாப்பா பிடவை வியாபாரம் செய்தார். கடை என்று ஒன்றில்லை. சைக்கிள் கரியரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கண்டாவளைப் பக்கம் போய்விடுவார். முல்லைத்தீவு வீதியால் போய் வடக்கே திரும்பினால் இரணைமடுத் தண்ணீர் பாய்கிற வயல்கள். அவற்றுக்கும் அப்பால் ஆனையிறவுக் கடல்நீரேரி. அந்த ஊர்ப் பெண்கள் சேலையை இப்போது எடுப்பார்கள், காசை அறுவடைக்குப் பிறகு கொடுப்பார்கள். கணக்கு வாப்பாவின் கொப்பியில் இருக்கும். அந்தக் கொப்பியில் பெயர் இருந்த ஒரு வீட்டின் மகள்தான் என் சிநேகிதி. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்கு. அவளுடைய தாய் வாப்பாவை 'நானா' என்று கூப்பிடுவார்.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொல்லி இயக்கத்தின் உத்தரவு வந்தது. 70,000க்கும் மேற்பட்ட சனம் அப்படிக் கிளம்பியது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் நான் கண்டாவளைக்குப் போய்ச் சிநேகிதியின் மூத்த பெண்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பிள்ளைக்கு முப்பத்தொன்று கழிந்திருந்தது. என் மடியில் நித்திரையாகிப் போனது. புறப்படும்போது சொல்லிக்கொண்டு போகக்கூட வழியிருக்கவில்லை.

இந்த நினைவுகளோடுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அதனால் எல்லோரும் சிம்ரனையும் அந்தச் சின்னப்பிள்ளை கீர்த்தனாவையும் பற்றிக் கதைத்தபோது, எனக்கு ஷியாமாதான் மனதில் நின்றாள். படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே வருகிற பாத்திரம் அது. மாங்குளத்தில் கலியாணம் முடிக்கிறாள். புருசன் போராடப் போய்விடுகிறான். வயிற்றில் பிள்ளையோடு வள்ளமேறி இராமேஸ்வரம் போகிறாள். பெற்ற பிள்ளையை முகாமில் விட்டுவிட்டு யுத்தம் நடக்கும் மண்ணுக்குத் திரும்பிவிடுகிறாள். ஒன்பது வயதில் அந்தப் பிள்ளை தாயைத் தேடி வந்து கேட்கிற கேள்விகளுக்கு அவளிடம் பதில் இல்லை. நந்திதா அந்த இடத்தில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கண்ணை மட்டும் பிள்ளையிலிருந்து எடுத்து எங்கோ வைப்பார். அந்தப் பார்வையை நான் முகாமில் பல உம்மாமாரிடம் கண்டிருக்கிறேன்.

அவர் தமிழ்ப் பெண் அல்ல. தகப்பன் ஜதின் தாஸ் ஒடிசாவைச் சேர்ந்த ஓவியர். தாய் வர்ஷா தாஸ் குஜராத்தி எழுத்தாளர். டெல்லியில் சமூகப்பணி படித்தவர். ஜன நாட்டிய மஞ்சின் வீதி நாடகங்களில் நடிக்கத் தொடங்கியவர். 1998இல் வந்த தீபா மேத்தாவின் 'எர்த்' படத்தில், பிரிவினைக் கால லாகூரில் ஒரு பார்சி வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வந்தார். அயல் சனமெல்லாம் கும்பலாக மாறுகிறபோது, அவளை ஒளித்து வைத்திருக்கும் இடத்தை அந்தப் பிள்ளையே அறியாமல் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. கோடு கிழிக்கப்படும்போது அதன் மேலே நின்றுவிடுகிற பெண்களைத்தான் இவர் திரும்பத் திரும்ப ஏற்றிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

'கன்னத்தில் முத்தமிட்டால்' வெளியானது 2002 பெப்ரவரி 14. எட்டு நாள் கழித்து, பெப்ரவரி 22இல், இங்கே போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்த மாதம் முடிவதற்குள் குஜராத்தில் முஸ்லிம்களைக் கொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒரே மாதத்தில் எங்களுக்கு ஒரு வாசல் திறந்தது. எங்களைப் போன்ற சனத்துக்கு வேறொரு நாட்டில் வாசல்கள் மூடின.

திறந்த வாசலால் நாங்கள் போனோம். ஏ9 வீதி திறந்தபின் உம்மாவும் நானும் பரந்தனுக்குப் போய், வீடு இருந்த இடத்தில் கிடந்த கல்லைப் பார்த்துவிட்டுக் கண்டாவளைக்கு நடந்தும் லேண்ட்மாஸ்டரில் ஏறியும் போய்ச் சேர்ந்தோம். சிநேகிதியின் தாய் உம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். வாப்பா புத்தளத்தில் மௌத்தான கதையைக் கேட்டதும் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு முடிச்சு.

"நானாவுக்கு நூற்றியெண்பது ரூபா நிண்டது, தங்கச்சி. நீலக்கரைச் சேலை. கொப்பியில இருந்திருக்கும்."

கொப்பி 1990லேயே தொலைந்துவிட்டது. அந்தக் கணக்கு உலகத்தில் இருந்தது அவர் நினைவில் மட்டும்தான். உம்மா முதலில் மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். புத்தளத்துக்கு வந்து அதை வாப்பாவின் பெயரில் ஸதகாவாகக் கொடுத்தார். அன்றைக்குச் சிநேகிதியின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அமுதாவைவிட மூன்று வயது கூட. என்னோடு கதைக்க வெட்கப்பட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பிறகு யுத்தம் மறுபடி வந்தது. இந்தக் கட்டுரையில் எழுதவேண்டிய உண்மை இனிமேல்தான் இருக்கிறது. 2009 மே மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது எங்கள் பகுதியில் ஆறுதலடைந்தவர்கள் இருந்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. இனி ஊருக்குப் போகலாம் என்று நினைத்தேன். கண்டாவளைச் சனம் எங்கே என்ற கேள்வி எனக்கு அன்றிரவு படுக்கும்போதுதான் வந்தது. அவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். நான் போகவில்லை. அனுமதி கிடைக்காது என்று எல்லோரிடமும் சொன்னேன். அனுமதி கேட்டுப் பார்க்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

2010இல் நந்திதா தாஸ் இயக்கிய 'ஃபிராக்' படத்தைப் பார்த்தேன். அது 2008இல் எடுத்தது. குஜராத் வன்முறை நடந்து ஒரு மாதத்துக்குப் பின் ஒரு நாளில் நடக்கிற கதை. ஃபிராக் என்றால் பிரிவு என்பதை நமது வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதில் அவர் நடிக்கவில்லை. தீப்தி நவால் ஆர்த்தி என்ற இந்துக் குடும்பப் பெண்ணாக வருகிறார். கலவரத்தின்போது உயிருக்குப் பயந்து தன் வீட்டுக் கதவைத் தட்டிய ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு ஆர்த்தி கதவு திறக்கவில்லை. அந்தத் தட்டல் அவள் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அடுப்படியில் கொதிக்கிற எண்ணெயைத் தன் கையிலேயே ஊற்றிக்கொள்கிறாள்.

பார்த்த அன்று நான் ஆர்த்தியை 1990இன் அயலவர்களாகவே கண்டேன். எங்களை வழியனுப்பக்கூட முடியாமல் வேலிக்குள் நின்ற சனம். அப்படிப் பார்ப்பது எனக்குச் சுகமாக இருந்தது. நான் தட்டியவள், திறக்காதவர்கள் அவர்கள்.

2011இல் கண்டாவளைக்குப் போனேன். ஊர் மீளக் குடியேறியிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே சிநேகிதி மட்டும் இருந்தாள். தாய் மாத்தளன் பக்கம் ஷெல் பட்டு இறந்துவிட்டார். மகளை 2009 மே மாதம் வட்டுவாகலில் சனத்தோடு சனமாகக் கண்டதுதான் கடைசி. பத்தொன்பது வயது. அவள் இதையெல்லாம் பஸ் வந்துபோகிற நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். முடிவில், "முகாமில இருக்கேக்க உன்னைத்தான் நினைச்சனான். புத்தளத்துப் பக்கமிருந்து ஆக்கள் சாமான் கொண்டு வந்தவை. அவையோட நீயும் வருவாயெண்டு பாத்தனான்" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு 'ஃபிராக்' வேறு படமாகிவிட்டது.

2018இல் ஒருநாள் அவளுடைய வீட்டில் தங்கியிருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏதோ ஓர் இந்திய அலைவரிசையில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தது. மாற்றச் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பாயை விரித்துவிட்டாள். மாங்குளம் காட்சிகளைப் பார்த்துச் சிரித்தாள். "இதெங்க மாங்குளம்? ஒரு பாலை மரத்தைக் காணேல்லை" என்றாள். அந்தப் படத்தின் வன்னிக் காட்சிகள் இந்திய மண்ணில் எடுத்தவை என்று சொன்னேன். "அவ கதைக்கிறதும் எங்கட தமிழ் இல்லை. ஆனா முகம் எங்கட முகம்தான்" என்றாள்.

கடைசிக் கட்டம் வந்தது. பதினாறு வருசத்துக்கு முந்திய அதே இடத்தில் எனக்கு மறுபடி கண் கலங்கியது. அவள் அழவில்லை.

"அவளுக்குப் பிள்ளை எங்க இருக்கெண்டு தெரியும்தானே?"

விளங்காமல் பார்த்தேன்.

"கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு முகாமில விட்டிட்டு வந்தது அவளுக்குத் தெரியும்தானே. பிறகேன் உப்பிடி நிக்கிறாள்? குடுத்து வைச்சவள்."

என்ன சொல்வதென்று தெரியாமல் நான் இன்னொரு பிழையைச் செய்தேன். அதே நந்திதா தாஸ் நடித்த 'நீர்ப்பறவை'யின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். சீனு ராமசாமி இயக்கி 2012இல் வந்த படம். கடலுக்குப் போன புருசனுக்காகக் காத்திருக்கிறாள் என்று ஊர் நம்புகிற கிழவி எஸ்தர். ஆனால் கடலில் சுடப்பட்டு இறந்த அவனைப் பல வருசங்களுக்கு முன்பே தன் வீட்டுக்குள்ளேயே இரகசியமாகப் புதைத்து வைத்திருந்தவளும் அவள்தான். பொலிஸ் வந்து கேட்கும்வரை அவள் வாய் திறக்கவில்லை. சொல்லி முடித்தபோது சிநேகிதி வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

"அவளுக்கும் தெரியும்தானே" என்றாள்.

ஷியாமாவையும் எஸ்தரையும் ஏற்றவர் ஒருவர்தான். ஒருத்திக்குப் பிள்ளை இருக்கிற கரை தெரியும்; மற்றவளுக்குப் புருசன் கிடக்கிற நிலம் தெரியும். இரண்டும் தெரியாத பெண்ணை அவர் நடித்து நான் பார்த்ததில்லை. எழுதித் தந்தால்தானே நடிகை நடிக்கலாம். ஒரு கதைக்கு முடிவு வேண்டும். என் சிநேகிதியின் கதைக்கு அது இல்லை. படத்தில் பிள்ளை தாயைத் தேடி வருகிறது, தாய் பதில் சொல்லாமல் நிற்கிறாள். கண்டாவளையில் தாய் பிள்ளையைத் தேடுகிறாள். பதில் சொல்லாமல் நிற்பவர்கள் வேறு ஆட்கள். நூற்றியெண்பது ரூபாவைப் பன்னிரண்டு வருசம் முடிந்து வைத்திருந்த அந்த அம்மாவையும் யாரும் எழுதவில்லை. வன்னியில் வாழ்ந்து விரட்டப்பட்ட முஸ்லிம் பெண் அந்தப் படத்தின் மாங்குளத்தில் இல்லவே இல்லை. இதை நான் குறையாக நந்திதாவிடம் வைக்கமாட்டேன். எழுதுகிற எங்களிடம்தான் வைக்கவேண்டும்.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டம் அப்போது ஒரு வருசத்தைத் தாண்டியிருந்தது. மறுநாள் காலை சிநேகிதி மகளின் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். நானும் வருகிறேன் என்றேன். "உன்ர ஆக்கள் ஏதும் சொல்லுவினமோ?" என்று கேட்டாள். சொல்லட்டும் என்றேன். 2009இல் செட்டிகுளத்துக்குப் போயிருக்க வேண்டிய பயணம் அது. ஒன்பது வருசம் பிந்திப் போனேன்.

கொட்டகைக்குள் பாயில் இடம் ஒதுக்கித் தந்தார்கள். பக்கத்திலிருந்த வயதான அம்மா என் தலை முக்காட்டைப் பார்த்துவிட்டு, "இவ ஆர் பிள்ளை?" என்று அவளிடம் கேட்டார்.

"எங்கட நானாவின்ர மகள்" என்றாள் சிநேகிதி. பிறகு படத்தை எடுத்து ஒரு பக்கத்தை என் கையில் தந்தாள்.