'சர்வே நம்பர் என்னப்பா?' - 25 வயதில் மனை வாங்கப் போன மதுரை இளைஞரின் அனுபவம்

2024 கோடை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. மதுரை பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நின்ற வேனில் அவன் ஏறும்போதே கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் மஞ்சள் தொப்பியும் கொடுத்தார்கள். இலவச சைட் விசிட், மதியம் பிரியாணி, குலுக்கலில் ஒருவருக்கு வெள்ளி நாணயம். வேனில் இருந்த 14 பேரில் பாதிப் பேர் அவன் வயதுக்காரர்கள்.

அவனுக்கு அப்போது 25 வயது. இலந்தைக்குளம் ஐ.டி பார்க்கில் நைட் ஷிஃப்ட் வேலை, 28,000 ரூபாய் சம்பளம். அப்பா இல்லை. அம்மா செல்லூர் வாடகை வீட்டில் தையல் மெஷின் ஓட்டுகிறார். மூன்று வருடத்தில் அவன் சேர்த்திருந்தது 1,60,000 ரூபாய். ஷிஃப்ட் இடைவேளையில் பார்க்கிற ரீல்ஸில் எல்லாம் ஒரே பாட்டுதான்: '25-ல் முதல் மனை, 40-ல் ஓய்வு.'

வேன் திருமங்கலம் ரோட்டில் போய், தோப்பூர் பக்கம் உள்ளே திரும்பியது. வெள்ளையடித்த கற்கள், வண்ணக் கொடிகள், புது ஆர்ச், நட்டு ஒரு வாரம்கூட ஆகாத செடிகள். "எய்ம்ஸ் பத்து நிமிஷம் சார். இன்னும் ரெண்டு வருஷத்துல சென்ட் பத்து லட்சம்" என்றார் கூட்டி வந்தவர்.

எய்ம்ஸ் விஷயத்தில் மதுரைக்காரர்களுக்கு இருக்கும் பொறுமை உலகறிந்தது. 2019 ஜனவரி 27-ல் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். 2022-ல் முதல் செட் மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். தோப்பூரில் கட்டுமானம் தொடங்க 2024 ஆகிவிட்டது. ஆனால், சுற்றுவட்டார மனை விளம்பரங்களில் மட்டும் அந்த ஆஸ்பத்திரி எப்போதோ கட்டி முடிக்கப்பட்டுவிட்டது!

3 சென்ட், சென்ட் 2,50,000 ரூபாய் வீதம் மொத்தம் 7,50,000. "இன்னிக்கு டோக்கன் போட்டா 25,000 தள்ளுபடி" என்றார்கள். பக்கத்தில் நின்றவர் போட்டார். அவனும் ஏ.டி.எம்-மில் எடுத்து வந்து 25,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தான். கிடைத்த துண்டு ரசீதில் பிளாட் நம்பர் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

அன்று இரவு அம்மா தன் நான்கு பவுன் செயினைக் கழற்றி டேபிளில் வைத்தார். "அடகு வச்சுக்க. எதுக்கும் மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருடா."

அம்மாவின் தம்பி திருமங்கலத்தில் பத்திரம் எழுதுகிறவர். முழு விவரத்தையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சர்வே நம்பர் என்னப்பா?"

அவனுக்குத் தெரியவில்லை. ஆர்ச்சின் உயரம் தெரியும், பிரியாணியின் ருசி தெரியும். ஏழரை லட்ச ரூபாய் நிலத்தின் சர்வே நம்பர் தெரியாது. அதைக் கேட்டு வாங்கவே நான்கு நாள் ஆனது. "அதெல்லாம் பதிவு அன்னிக்குத் தருவோம் தம்பி" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை 'சார்' ஆக இருந்தவன் வியாழக்கிழமை 'தம்பி' ஆகியிருந்தான்.

நம்பர் கிடைத்ததும் மாமா அவன் போனிலேயே தேடச் சொன்னார். பட்டாவும் புலப்படமும் அரசு இணையதளத்தில் இலவசம். வில்லங்க விவரம் பதிவுத்துறை இணையதளத்தில், பெரும்பாலான ஊர்களுக்கு 1975 முதல் பார்க்கலாம். அரை மணி நேர வேலை. பட்டா மூன்று அண்ணன் தம்பிகள் பெயரில் கூட்டாக இருந்தது. வில்லங்கத்தில், அவர்களில் ஒருவர் மட்டும் மனை போடுகிறவருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். மற்ற இருவரின் கையெழுத்து எங்கேயும் இல்லை.

"ரிஜிஸ்தர் ஆபீஸ்ல பார்க்க மாட்டாங்களா மாமா?" என்று கேட்டான். இளைஞர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் நம்பி ஏமாறுகிற இடம் இதுதான். பத்திரம் பதிவானால் சொத்து நமது என்று அர்த்தமில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. அதைப் பார்த்துக்கொள்வது வாங்குகிறவர் பொறுப்பு.

அடுத்து அப்ரூவல். அவன் வாட்ஸ்அப்பில் வந்த வரைபடத்தைக் காட்டினான். ஊராட்சியின் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. மாமா சிரித்துவிட்டார். "பஞ்சாயத்து அப்ரூவ்டு"! மதுரையைச் சுற்றி எத்தனையோ பேர் இந்த இரண்டு வார்த்தைகளை நம்பிக் காசைக் கொட்டியிருக்கிறார்கள். மனைப்பிரிவுக்கு வேண்டியது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டி.டி.சி.பி-யின் அனுமதி. ஊராட்சித் தலைவரின் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

இதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. விளைநிலங்கள் கண்டபடி மனையாவதை எதிர்த்து வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. தமிழகம் முழுக்கப் பத்திர ஆபீஸ்கள் வெறிச்சோடின. பிறகு, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனை பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. அதற்குப் பிறகு அனுமதியில்லாமல் புதிதாகப் போட்ட மனைப்பிரிவுகளுக்கு அந்த வழி இல்லை.

"மனைன்னு பதிய முடியாதுன்னா, விவசாய நிலம்னு பதிஞ்சு கொடுப்பாங்க. நாளைக்கு வீடு கட்ட பிளான் கேட்டா கிடைக்காது. பேங்க்ல லோன் கேட்டா திருப்பி அனுப்புவாங்க" என்றார் மாமா.

ரெரா நம்பரும் இல்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத்திட்டம் என்றால் ரெராவில் பதிய வேண்டும், அந்த நம்பர் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டரை சென்ட்கூட இல்லை. தொப்பியில் கம்பெனி பெயர் அச்சடித்தவர்கள் அந்த நம்பரை அச்சடிக்க மறந்திருக்க வாய்ப்பில்லை.

அவன் மனசு ஆறாமல் தனியாக பைக்கில் இன்னொரு முறை அங்கே போனான். ரோட்டோரத்தில் டீக்கடை போட்டிருந்த அம்மா, "கம்மா நெறஞ்சா இங்கன வரைக்கும் தண்ணி நிக்கும்யா" என்று தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். வேனில் போன யாரும் அவரிடம் கேட்கவில்லை. மதுரைப் பக்கம் நிலம் பார்க்கிறவர்கள் கோடையில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை பார்ப்பது நல்லது. கோடையில் எல்லாக் கண்மாயும் மைதானம்தான்.

கணக்கிலும் அவன் கோட்டை விட்டிருந்தான். முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 7,50,000 ரூபாய்க்கு 67,500 தனியாக வேண்டும். இதை எந்த ரீல்ஸும் சொல்லவில்லை.

கொடுத்த 25,000-ஐத் திரும்பக் கேட்டு ஐந்து முறை அலைந்தான். சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தப்பு என்று மாமா எடுத்துக் கொடுத்ததைச் சொன்ன பிறகுதான் 15,000 வந்தது. மிச்சம் 'அடுத்த வாரம்' வருவதாகச் சொன்னார்கள். அந்த வாரம் இன்னும் வரவில்லை.

நிலத்தின் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டிய பெரிய வழக்குகளோடு பார்த்தால் 10,000 ரூபாய் சின்னத் தொகைதான். நிலம் தருவதாக பி.ஏ.சி.எல் நிறுவனம் நாடு முழுக்கத் திரட்டிய 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்க 2014-ல் செபி உத்தரவிட்டது. மதுரையிலேயே நியோமேக்ஸ் நிறுவனத்தின் மீது முதலீட்டாளர்கள் கொடுத்த புகார்களில் 2023-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. ஆனால், செல்லூரில் 10,000 ரூபாய் என்பது எத்தனை ஜாக்கெட் தைத்த காசு என்று அவனுக்குத் தெரியும். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செயினை எடுத்துப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அதன் பிறகு 14 மாதம் அவன் எதையும் வாங்கவில்லை. மாதம் 7,000 ரூபாய் ஆர்.டி போட்டான். ஆபீஸ் நண்பன் சொல்லி 'ரீட்' என்றால் என்ன என்று படித்தான். பெரிய அலுவலகக் கட்டடங்களின் வாடகையில் பங்கு தரும் யூனிட்கள் அவை. இந்தியாவில் முதல் ரீட் 2019 ஏப்ரலில் எம்பஸி பெயரில் பங்குச்சந்தைக்கு வந்தது. சில நூறு ரூபாய்க்கு ஒரு யூனிட் வாங்கலாம். இரண்டு வாங்கிப் பார்த்தான். விலை இறங்கவும் செய்யும் என்பதை அதில் கற்றுக்கொண்டான். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "கால் வைக்க முடியாத எடமாடா?"

லீவு நாட்களில் மாமாவோடு சுற்றினான். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி என்று பார்த்ததில் பதினொரு இடங்களைக் காகிதத்தைப் பார்த்தே தள்ளினார்கள். பன்னிரண்டாவது அலங்காநல்லூர் பக்கம். டி.டி.சி.பி நம்பர், ரெரா நம்பர், தாய்ப்பத்திரம் எல்லாம் சரி. ஒரு வக்கீலிடம் காசு கொடுத்துக் கருத்தும் வாங்கினார்கள். இரண்டரை சென்ட், 5,00,000 ரூபாய்.

2025 ஆவணியில் அம்மா பெயரிலேயே பதிந்தார்கள். 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு. அதில் 5,000 ரூபாய் மிச்சம். 3 லட்சம் பேங்க் லோன், இருவரும் சேர்ந்து கையெழுத்து. மாதத் தவணை 3,800 ரூபாய் சொச்சம். கைரேகை வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வந்த அம்மா, பத்திரத்தில் தன் பெயர் இருக்கும் வரியைக் காட்டச் சொல்லி, விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

அந்த மனைக்குப் பக்கத்தில் எய்ம்ஸ் இல்லை, ஏர்போர்ட் இல்லை. விலையும் ஏறவில்லை. அதே மனைப்பிரிவில் அதே விலைக்கு இன்னும் இடம் கிடைக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறான். மூலைக்கல்லுக்குப் பக்கத்தில் அவர் ஒரு வேப்பங்கன்று வைத்திருக்கிறார். முதல் கன்றை ஆடு மேய்ந்துவிட்டது. இது இரண்டாவது.