மார்பின் காயமும் மனத்தின் காயமும்

சேர்வராயன் மலைச் சாலை ஏறத் தொடங்குகின்ற அடிவாரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காட்டின் குளிர். கீழே எங்களுக்கோ சேலத்தின் வெயில். அந்த வெயிலிலும் என் இளைய மகன் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சட்டைகள் அணிவான். கிணற்றில் குளிக்க நண்பர்கள் அழைத்தால் சாக்குச் சொல்லி நழுவுவான். தோள்களைக் குறுக்கிக்கொண்டே நடப்பான். "நிமிர்ந்து நட" என்று அவனை அதட்டினேனேயன்றி, ஏன் குனிகிறான் என்று ஒரு நாளும் கேட்டேனில்லை.

ஒரு திருமண வீட்டில், உறவினர் நடுவே, அவன் மார்பைச் சுட்டிக் கேலிச் சொல் ஒன்றைச் சொன்னவனும் நானே. எல்லாரும் சிரித்தனர், அவனும் சிரித்தான். அன்றிரவு அவன் உண்ணவில்லை என்பதை அவன் தாய் பல நாள் கழித்தே என்னிடம் கூறினாள்.

ஆண்பிள்ளைகளுக்கு மார்பு பெருத்தல் அரிய நோயன்று. பருவ வயதில் ஹார்மோன்களின் ஏற்றத்தாழ்வால் சிறுவர் பலருக்கும் அது தோன்றுகிறது; பெரும்பாலோர்க்கு ஓரிரு ஆண்டுகளில் தானே மறைந்துவிடும். சிலருக்கு மறைவதில்லை. சில மருந்துகளாலும், ஈரல் நோயாலும், உடலைப் பெருக்குவதற்கென உட்கொள்ளும் ஸ்டீராய்டுகளாலும் அது வரக்கூடும். 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏஜினா ஊர்ப் பவுல் என்னும் கிரேக்க மருத்துவர் இதற்கான அறுவை முறையை அன்றே எழுதி வைத்துள்ளார். அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்னும் யாரோ ஒரு தாயின் மகன் இதற்காக வெட்கி நின்றிருக்கிறான்!

என் மகனுக்கு வயது 21 ஆகியும் அது மறையவில்லை. அவன் தாயே அவனைச் சேலத்திற்கு அழைத்துச் சென்றாள். இரத்தப் பரிசோதனைகள் முடிந்தபின், முலைக்காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் ஓரத்தில் பிறைபோலக் கீறிச் சுரப்பித் திசுவை அகற்றினர். சுற்றியிருந்த கொழுப்பை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்தனர். இறுக்கமான உள்ளுடையைச் சில வாரங்கள் இரவும் பகலும் அணிய வேண்டும், பளு தூக்கலாகாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினர்.

ஒன்பதாம் நாள், எழுந்து நடமாடுகிறவனுக்கு என்ன குறை என்று எண்ணி, வண்டியிலிருந்த அரிசி மூட்டையை இறக்கச் சொன்னேன். மறுபேச்சின்றி இறக்கினான். புழுக்கம் தாளாமல் உள்ளுடையையும் கழற்றி வைத்தான். இரவில் இடப்பக்கம் வீங்கி எழுந்தது.

"அப்பா, பழையபடியே ஆகிவிட்டது. காசும் போயிற்று, கேலியும் போகவில்லை" என்றான்.

அன்றிரவு செபமாலையைக் கையில் பிடித்திருந்தேன், மணிகள் நகரவில்லை. விடிந்ததும் மருத்துவமனைக்கு ஓடினோம். மருத்துவர் ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தார். "சுரப்பி திரும்ப வளரவில்லை; அகற்றிய இடத்தில் நீர் கோத்திருக்கிறது. தம்பி கவலைப்பட வேண்டாம்" என்றவர், மூட்டைச் செய்தியைக் கேட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் உரியவனே.

அன்று அவர் விளக்கியவை எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும். முதல் வாரங்களின் வீக்கமும் கன்றிப்போன நிறமும் இயல்பானவை. இருபக்கமும் ஒரே வேகத்தில் வற்றுவதில்லை. காம்பைச் சுற்றிய மரமரப்பு மாதக் கணக்கில் நீடிக்கலாம். தழும்பின் கீழ்த் தட்டுப்படும் கெட்டி மெல்லமெல்ல இளகும். மார்பின் முடிவான வடிவம் தெரிய 3 முதல் 6 மாதங்கள் ஆகலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரெனப் பெருத்து வலித்தால், காய்ச்சலோ சிவப்போ சீழோ கண்டால், மூச்சுத் திணறினால், ஒரு மணி நேரமும் காத்திருக்கலாகாது. கைகளை உயர்த்துவதும் பளு தூக்குவதும் மருத்துவர் சொல்லும் நாள்வரை வேண்டாம்.

வீடு திரும்பும் வழியில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், மூட்டைக்காக அன்று, திருமண வீட்டுச் சொல்லுக்காக. அவன் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு, "நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றல்லவா நினைத்தேன், அப்பா" என்றான். மருத்துவர் தைத்த காயத்தைவிட நான் கீறிய காயம் ஆழமானது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைத்துக்கொண்டு சீடர்முன் நிற்கவில்லை. ஐயுற்ற தோமையாருக்கு அவற்றைக் காட்டினார். நம் பிள்ளைகளும் தம் காயத்தை அச்சமின்றிக் காட்டக்கூடிய இடமாக நம் இல்லம் இருக்கின்றதா?

பெற்றோரே, பருவப் பிள்ளையின் உடலை நகைப்புக்கு உரியதாக்காதீர்கள். எல்லாருக்கும் கத்தி தேவையன்று. ஆனால் ஒரு நல்ல மருத்துவரின் சொல் தேவை. சிகிச்சைக்குப் பின், "இன்னும் சரியாகவில்லையா?" என்று நாள்தோறும் மார்பையே உற்றுநோக்கி வதைக்காதீர்கள்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும், நண்பர்களுடன் ஏற்காட்டிற்குப் புறப்பட்டான். ஒரே ஒரு சட்டைதான் அணிந்திருந்தான். பேருந்து முதல் வளைவில் மறையும்வரை நின்று பார்த்தேன். நிமிர்ந்து நட என்று அன்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.